மொரப்பூர்–தருமபுரி பழைய ரயில் தடம்: மண் வேலை தொடங்குமுன் அளந்து வைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரப்பூர்–தருமபுரி இணைப்புப் பாதை பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழிலும் பிற இதழ்களிலும் அடிக்கடி வருகின்றன. 36 கிலோமீட்டர் அகலப் பாதை, 2019 மார்ச்சில் அடிக்கல், நில எடுப்பு நிலவரம் என்று எல்லாம் சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலான செய்திகள் இதைத் தருமபுரி இதுவரை கண்டிராத இணைப்பு போலவே எழுதுகின்றன. ரயில்வே கணக்கில் இது ‘புதிய பாதை’ என்ற தலைப்பில் வருவது முறைதான். ஆனாலும் தருமபுரிக்கு முதன்முதலில் ரயில் வந்தது 1906 ஜனவரியில், இதே மொரப்பூரிலிருந்துதான். 35 ஆண்டுகள் அது ஓடியது. அந்தத் தடத்தில் எஞ்சியிருக்கும் மண் கரையும் சிறு பாலங்களும் கிணறுகளும் நிலைய மேடைகளும், புதிய பாதைக்கான மண் வேலை தொடங்குமுன் முறையாக அளந்து பதிவு செய்யப்பட வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை. ஒரு கிராமத்து ரயில் நிலையத்தின் வரலாறு பெரும்பாலும் கட்டடத்தில் இருப்பதில்லை. அது நிலத்தில் இருக்கிறது. புல்டோசர் ஒரு முறை போய்விட்டால் அதைத் திரும்பப் படிக்க வழியில்லை.

பாதை ஏன் போடப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சென்னை ரயில்வே கம்பெனியின் தென்மேற்குப் பாதை திருப்பத்தூரைத் தாண்டி, மொரப்பூர் பக்கமாகச் சேலம் போய்ச் சேர்ந்தது 1861 பிப்ரவரியில். பதினைந்து ஆண்டு கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் இருந்தன. 1871 கணக்கெடுப்பில் 19.6 லட்சத்துக்கு மேல் இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881-ல் 16 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. ரயில் பாதை மாவட்டத்துக்குள்ளேயே ஓடியும் இப்படி நடந்ததற்குக் காரணம் உண்டு. தானியம் ரயிலடி வரை வந்தது. அங்கிருந்து உள்ளூர்களுக்குக் கொண்டுபோக வண்டி மாடு இல்லை. தீவனம் இல்லாமல் மாடுகள் மனிதர்களுக்கு முன்பே செத்துப்போயின. மழை இல்லாத ஊர்களில் வண்டிப் பாதை இருந்தும் பயனில்லை. 1880-ன் பஞ்சக் கமிஷன், வறட்சிப் பகுதிகளுக்குள் ‘பஞ்சப் பாதுகாப்பு’ ரயில் பாதைகள் போட வேண்டும் என்று சொன்னதன் பின்னணி இதுதான்.

அந்தக் கணக்கில் நம் பகுதிக்கு வந்தவை இரண்டு. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதை, சுமார் 25 மைல், 1905 செப்டம்பரில் திறக்கப்பட்டது. மொரப்பூர்–தருமபுரி பாதை, 18 மைலுக்குச் சற்றுக் கூட, 1906 ஜனவரியில். இரண்டும் குறும்பாதைகள். இரு தண்டவாளங்களுக்கும் இடையே இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர். தருமபுரியோடு நின்ற பாதை 1913-ல் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை வட்டாரம் வழியாக ஓசூர் வரை நீண்டது. அப்போது மொரப்பூரிலிருந்து ஓசூர் வரை 73 மைல். 1908 தொடக்கத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கரைக்குப் போகும் பாதைகள் தென்னிந்திய ரயில்வேயின் கைக்குப் போயின. இந்தக் கிளைகளும் அவற்றோடு போயின. கிருஷ்ணகிரிப் பாதை 1936-ல் மூடப்பட்டது. ஓசூர்ப் பாதை 1941-ல் மூடப்பட்டது. அது போர்க்காலம். நாடெங்கும் கிளைப் பாதைகளின் தண்டவாளங்கள் போர்த் தேவைக்குப் பெயர்த்தெடுக்கப்பட்ட நேரத்தில் இதையும் பெயர்த்தார்கள். கிருஷ்ணகிரி நகருக்கு அதன்பின் இன்றுவரை ரயில் இல்லை. தருமபுரிக்கு 1960களின் இறுதியில் சேலம்–பெங்களூர் மீட்டர்கேஜ் பாதை (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) வந்தது. 1990களில் அது அகலப் பாதையானது. அந்தப் பாதையையும் 1906 பாதையையும் ஒன்றாக்கிப் பேசும் பிழை படித்தவர்களிடமே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே கால் நூற்றாண்டுக்கு மேல் தருமபுரி ரயிலே இல்லாமல் இருந்தது.

இரண்டரை அடிப் பாதையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் செலவு. கரையின் மேல்முகம் சுமார் 12 அடி இருந்தால் போதும். இன்றைய ஒற்றை அகலப் பாதைக்குக் கிட்டத்தட்ட 8 மீட்டர் வேண்டும். வளைவில் வேறுபாடு இன்னும் பெரிது. 762 மி.மீ. பாதையில் 40 டிகிரி வளைவு வரை, அதாவது 44 மீட்டர் ஆரம் வரை, வளைக்க முடியும். அகலப் பாதையில் உச்ச வரம்பே 10 டிகிரி, 175 மீட்டர் ஆரம். புதிதாகப் போடும்போது அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூடப் போகாமல் இன்னும் விரிந்த வளைவாகவே வைப்பார்கள். குறும்பாதை ஏரிக்கரையைச் சுற்றி, குன்றின் காலைச் சுற்றி, பாறையை உடைக்காமல் போய்விடும். அதனால்தான் பழைய தடத்தின் மீதே புதிய பாதையைப் போட முடியாது. சில இடங்களில் அது ஒட்டிப் போகும், பல இடங்களில் வெட்டிக்கொண்டு போகும். வெட்டும் இடங்களில்தான் அழிவு நடக்கும். ஊர் வளர்ந்து பழைய தடத்தின் மேல் வீடுகள் எழுந்துவிட்ட இடங்களும் உண்டு, அங்கே பாதி வரலாறு ஏற்கெனவே போய்விட்டது.

பழைய பாதை நஷ்டத்தில் ஓடியதற்கான காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய பாதைக்கும் அது பொருந்தும். முதல் காரணம், மொரப்பூரில் சரக்கு மாற்றம். தருமபுரிச் சந்தையில் வண்டியிலிருந்து இறங்கிய புளி மூட்டை குறும்பாதை வேகனில் ஏற வேண்டும், மொரப்பூரில் இறங்க வேண்டும், மீண்டும் அகலப் பாதை வேகனில் ஏற வேண்டும். ஒவ்வொரு கை மாறலுக்கும் கூலி, சேதம், காத்திருப்பு. 30 கிலோமீட்டர் தொலைவுக்கு இழுவைச் செலவு சொற்பம், ஏற்றி இறக்கும் செலவுதான் பெரிது. 1920களில் லாரியும் பஸ்ஸும் வந்தபோது, வீட்டு வாசலில் ஏற்றிச் சேலத்தில் இறக்கிவிட்டார்கள். இரண்டாவது காரணம் ஏற்றம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். தருமபுரி அதில் பாதியை ஒட்டிய உயரம். ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவில் ஒரு டன்னை ஏற்ற 20 கிலோ இழுவிசை கூடுதலாக வேண்டும், நூற்றுக்கு ஒன்றில் 10 கிலோ. சமதளத்தில் மெதுவாக உருட்ட ஐந்து கிலோகூட வேண்டாம். ஆகவே ஏற்றத்தில் ஒரு சிறிய நீராவி எஞ்சின் சமதளத்தில் இழுப்பதில் சிறு பங்கைத்தான் இழுக்கும். ரயில் இருந்தும் பெட்டி குறைவு, பெட்டி குறைவதால் வருமானம் குறைவு.

புதிய பாதையில் சரக்கு மாற்றச் சிக்கல் இல்லை, அகலம் ஒன்றுதான். ஆனால் அதன் இடத்தில் வேறொன்று வரலாம். மொரப்பூரில் இந்தப் பாதை பிரதான பாதையோடு எந்தப் பக்கம் முகம் பார்த்துச் சேர்கிறது என்பதே அது. தருமபுரியிலிருந்து வரும் வண்டி சென்னைப் பக்கம் நேராகப் போகும்படி சேர்ந்தால் எஞ்சினை மாற்ற வேண்டியதில்லை. சேலம் பக்கம் பார்த்துச் சேர்ந்தால், சென்னை போக வேண்டிய ஒவ்வொரு வண்டியும் மொரப்பூரில் நின்று, எஞ்சினைக் கழற்றி, சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் மாட்டி, பிரேக் சோதனை செய்து கிளம்ப வேண்டும். இருபது நிமிடத்துக்குக் குறைந்து அது முடியாது. ஒரு நடைமேடையும் அந்நேரம் அடைபடும். தருமபுரி முனைக்கும் இதே கேள்வி உண்டு. ஊர்ப் பிரதிநிதிகள் ‘எப்போது முடியும்’ என்று கேட்கும்போது, கூடவே இரு முனைகளின் யார்டு (நிலையத் தண்டவாள அமைப்பு) வரைபடத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இனி, தடத்தை எப்படி அடையாளம் காண்பது என்பதைச் சொல்கிறேன். கல்லூரி மாணவர்களும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களும் செய்யக்கூடிய வேலைதான் இது.

முதலில் கிணற்றைத் தேட வேண்டும். நீராவி எஞ்சினுக்கு நிலக்கரியை விட அடிக்கடி தேவைப்படுவது தண்ணீர். நம் பகுதியில் அது சுலபமாகக் கிடைக்காது. ஆகவே தண்ணீர் பிடிக்கும் நிலையங்களில் அகலமான, கல் கட்டிய கிணறும், அருகில் தொட்டியை உயர்த்தி வைக்கக் கட்டிய பீடமும் இருக்கும். எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியை விட உயரத்திலிருந்து தண்ணீர் இறங்க வேண்டும் என்பதால் பீடம் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். கோயிலோ குடியிருப்போ தோட்டமோ சேராத இடத்தில், பொறம்போக்கில், பெரிய வட்டக் கிணறு ஒன்று தனியாகக் கிடந்தால் அந்த இடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அருகில் நீளவாக்கில் ஒரு தாழ்ந்த மண் மேடு, ஓரத்தில் கல் வரிசையோடு இருந்தால் அது நடைமேடை. குறும்பாதை நடைமேடை உயரம் குறைவு. பல இடங்களில் தரை மட்டமேதான்.

அடுத்தது கரை. இங்கே பெரிய குழப்பம் ஏரிக்கரையோடு வரும். வேறுபடுத்த மூன்று அடையாளங்கள் உண்டு. ஏரிக்கரையில் ஒரு பக்கம் மட்டும் கல் பாவி இருக்கும், அது தண்ணீர்ப் பக்கம். ரயில் கரையில் இரு பக்கமும் ஒரே சரிவு. ரயில் கரையின் மேல்முக அகலம் பர்லாங்கு கணக்கில் மாறாமல் போகும், ஏரிக்கரை மதகுப் பக்கம் அகலும். முக்கியமானது மூன்றாவது: ரயில் கரைக்கு மண் பக்கத்திலேயே எடுத்திருப்பார்கள், ஆகவே கரைக்கு இணையாக, வரிசையாக, நீள்சதுரக் குழிகள் தெரியும். மழைக்குப் பின் அவற்றில் தண்ணீர் நிற்கும்போது செயற்கைக்கோள் படத்திலேயே அந்த வரிசை தெரியும். கரையே உழவில் கரைந்துபோன இடத்தில்கூடக் குழிகள் பல நேரம் மிஞ்சியிருக்கும்.

வேலைக்கு ஏற்ற காலம் மாசியிலிருந்து சித்திரை வரை. அறுவடை முடிந்து நிலம் திறந்திருக்கும், புதர் காய்ந்திருக்கும். நூறு மீட்டருக்கு ஒரு முறையும், பாலம், மேட்டை அறுத்துப் போட்ட வெட்டு, எல்லைக்கல் வரும் ஒவ்வொரு இடத்திலும் கைப்பேசியில் இருப்பிடத்தைக் குறிக்க வேண்டும். கைப்பேசிக் குறிப்பில் ஐந்து மீட்டர் வரை பிசகு வரும், அதனால் ஒரே இடத்தில் ஒரு நிமிடம் நின்று எடுக்க வேண்டும், மரத்தடியில் எடுக்கக் கூடாது. கரையின் மேல் அகலம், கீழ் அகலம், உயரம் மூன்றையும் டேப்பில் அளக்க வேண்டும். பாலமானால் கண்ணின் (தண்ணீர் போகும் திறப்பின்) அகலம், உயரம், சுவர் கனம், சாந்து சுண்ணாம்பா சிமெண்டா என்பது. சுண்ணாம்புச் சாந்து நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும், உள்ளே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும். பிற்காலச் சாலைப் பணியில் முகப்பை மட்டும் சிமெண்டால் பூசியிருப்பார்கள், ஆகவே கண்ணுக்குள் குனிந்து நடுவில் பார்க்க வேண்டும். கைப்பிடிச் சுவரிலும் வளைவின் உச்சிக் கல்லிலும் எண்ணோ ஆண்டோ வெட்டியிருக்கிறதா என்று ஈரத் துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். சுண்ணாம்போ மாவோ பூசிப் படிக்கக் கூடாது.

தண்டவாளத் துண்டுகள் இன்னும் கிடைக்கும். மாட்டுக் கொட்டகைத் தூணாக, கிணற்றுக் கப்பி தாங்கும் உத்தரமாக, சாவடிக் கூரைக்கு அடியில். இவற்றை எடைக்குப் போடுமுன் உயரத்தை அளக்க வேண்டும். இன்றைய 60 கிலோ (ஒரு மீட்டர் நீளத்தின் எடை) தண்டவாளத்தின் உயரம் 172 மி.மீ., 52 கிலோவுக்கு 156, பழைய 90 பவுண்டுக்கு (இது ஒரு கஜ நீளத்தின் எடை) 143. மீட்டர்கேஜில் ஓடிய 60 பவுண்டுக்கு 114. நான்கு அங்குலத்துக்குள், அதாவது 100 மி.மீ.க்குள் இருந்தால் குறும்பாதைத் துண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் குவாரி டிராலிப் பாதைகளிலும் இதே போன்ற இலேசான தண்டவாளம் போட்டதுண்டு, உயரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. தண்டவாளத்தின் நடுத்தண்டில், பக்கவாட்டில், உருட்டாலையின் பெயரும் ஆண்டும் எடையும் புடைப்பெழுத்தில் இருக்கும். கம்பித் தூரிகையால் மெல்லத் துருவை எடுத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து தாளில் விழும். ஆண்டு 1906-க்கு முன்போ, ஓசூர் நீட்டிப்பை ஒட்டி 1913-க்கு முன்போ வந்தால் ஐயம் பெரிதும் தீரும்.

ஆவணப் பக்கம் நிலைமை சிக்கலானது. மொரப்பூர் இன்று தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் இருக்கிறது. 2007 நவம்பரில் அந்தக் கோட்டம் பிறக்கும்வரை பாலக்காட்டுக் கோட்டத்தில் இருந்தது. தருமபுரி நிலையமோ தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூருக் கோட்டம். 30 கிலோமீட்டர் பழைய பாதையின் இரு முனைகளும் இரு மண்டலங்களில். எந்த அலுவலகத்தில் கேட்டாலும் மற்றதைக் கைகாட்ட இடமுண்டு. அதைவிட வருவாய்த்துறைப் பதிவுகளே கைகொடுக்கும். கிராமத்தின் நில விவரங்கள் உள்ள ‘அ’ பதிவேட்டில் குறிப்புக் கலத்தைப் பார்க்க வேண்டும். மூடிய பின் நிலம் கைமாறியிருந்தாலும், புல வரைபடத்தில் ஒரே அகலத்தில் நீண்டு, பக்கத்துக் கிராமத்திலும் அதே அகலத்தில் தொடரும் உட்பிரிவு பழைய தடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்த பழைய கிராம வரைபடங்களை வரிசையாக ஒட்டிப் பார்த்தால் வளைவு அப்படியே தெரியும். இந்திய நில அளவைத் துறையின் பழைய ஓரங்குல (மைலுக்கு ஓர் அங்குலம்) வரைபடங்களில் தருமபுரி, மொரப்பூர் இரண்டும் 57 எல் தொகுதியிலும் ஓசூர் 57 எச் தொகுதியிலும் வரும். 1941-க்கு முந்தைய பதிப்பையே தேட வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மாகாண அரசின் பொதுப்பணித் துறை ரயில்வே கோப்புகளைத் தேடலாம். 1918-ல் வந்த சேலம் மாவட்டக் கெசட்டியர், பாதை ஓடிக்கொண்டிருந்தபோது எழுதப்பட்டது என்பதால் அதையும் ஒப்பிட வேண்டும்.

பாதையை நேரில் கண்டவர்கள் இனி மிகச் சிலரே இருப்பார்கள். 1941-ல் பத்து வயது என்றால் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். அவர்களிடம் ஆண்டு கேட்டால் பயன் இல்லை. எங்கே வண்டி தண்ணீர் பிடித்தது, எந்தப் பக்கம் ஏறினார்கள், டிக்கெட் கொடுத்த சன்னல் எந்தத் திசை பார்த்தது, சந்தை நாளில் வண்டி மாடுகள் எங்கே நின்றன என்று கேட்க வேண்டும். முடிந்தால் அந்த இடத்துக்கே அழைத்துப் போய் நிற்க வைத்துக் கேட்க வேண்டும். வீட்டுப் பெட்டியில் அட்டை டிக்கெட் இருந்தால் இருபுறமும், ஓரத்தில் அளவுகோல் வைத்து, அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். லேமினேஷன் போடக் கூடாது. சூட்டில் அட்டை வளைந்து, மை கசிந்துவிடும்.

இன்னொன்று. ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ருத் பாரத் திட்டத்தில் மொரப்பூர், பொம்மிடி, சாமல்பட்டி, தருமபுரி, ஓசூர் நிலையங்கள் இடம்பெற்றிருக்கின்றன. முகப்பும் நடைமேடையும் புதிதாகும் இந்த நிலையங்கள் ஒவ்வொன்றிலும் வரலாற்றுப் பலகை ஒன்று வைக்கலாம். வினைல் ஒட்டுப் பலகை வேண்டாம், நம் வெயிலில் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். கிருஷ்ணகிரி, தருமபுரிக் கருங்கல் உலகெங்கும் போகிறது, அதிலேயே எழுத்து வெட்டி வைக்கலாம். நடைமேடையில் நடப்பவர் நின்று படிக்க எழுத்து உயரம் ஓர் அங்குலமாவது வேண்டும். அதில் ஆண்டுகளை எழுதும்போது கவனம் தேவை. பாதை திறந்த தேதியும் நிலையம் திறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பாதை போட்ட பல ஆண்டுகளுக்குப் பிறகு இடையில் சேர்க்கப்பட்ட நிலையங்கள் எல்லாப் பாதையிலும் உண்டு. அதனால் 1861 என்பதைப் ‘பாதை திறப்பு’ என்றே வெட்ட வேண்டும். நிலையத்துக்கான ஆண்டை அக்காலக் கால அட்டவணையில் அதன் பெயர் முதலில் வரும் இடம் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். மொரப்பூர்ப் பலகையில் 1906, 1913, 1941 மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். தருமபுரிப் பலகையில் அவற்றோடு மீட்டர்கேஜ் வந்ததும் அகலப் பாதையானதும் தனித்தனி வரிகளாக வர வேண்டும்.

நடுகற்களுக்கென்றே தருமபுரியில் அகழ்வைப்பகம் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கிடைக்கும் தண்டவாளத் துண்டு, எல்லைக்கல், டிக்கெட் நகல், அளவுக் குறிப்பு எல்லாம் போய்ச் சேர இடம் இல்லாமல் இல்லை. மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியது, நில எடுப்புக்காக எப்படியும் அந்த ஊர்களுக்குப் போகும் சர்வேயர்களிடம், பழைய ரயில் புறம்போக்கு உட்பிரிவுகளைத் தனி நிறத்தில் குறிக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புவதுதான். ஒப்பந்ததாரரிடம் நிலம் ஒப்படைக்குமுன், வெட்டுப்படும் பாலம் ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கப் படமும் அளவும் எடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்பதை ரயில்வே கட்டுமானப் பிரிவு ஒப்பந்த நிபந்தனையிலேயே எழுதலாம். கோப்பின் நகல் ஒன்று தருமபுரி மாவட்ட மைய நூலகத்துக்கும், ஒன்று மொரப்பூர் கிளை நூலகத்துக்கும் போகட்டும்.

இப்படிக்கு,
ரயில்வே பொறியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்,
தருமபுரி.